அடைத்த வரியும் அழியாத எழுத்தும்



நம் கடைக்கு ஒருவர் வந்து பழைய பாக்கியைத் தீர்த்துவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? பற்றுவரவுப் புத்தகத்தை எடுத்து, அவர் பேரில் நிற்கும் தொகைக்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்து, ஓரத்தில் ‘பைசல்’ என்று எழுதி, தேதியும் போட்டுவிடுகிறோம். அத்தோடு அந்தக் கணக்கு முடிந்தது. அவரும் மறந்துவிடுவார், நாமும் மறந்துவிடுவோம். குறைந்தபட்சம் மறந்துவிட்டதாக நினைத்துக்கொள்வோம்.

அமெரிக்காவில் சர்க்கார் வரி பாக்கி அப்படி முடிவதில்லை. பணம் கட்டுவது ஒரு காரியம். கட்டியது பைசலானதாக எழுத்தில் வருவது இரண்டாவது காரியம். பாக்கி இருந்தது என்ற பழைய எழுத்து விலகுவது மூன்றாவது காரியம். இந்த மூன்றும் வேறு வேறு என்பது தெரியாமல் என் ராத்தா மகன் பட்ட சிரமத்தை நான் கூடவே இருந்து பார்த்தவன். கூடவே என்றால் தொலைபேசியில்தான். நம் ஜமாஅத்திலும் பலருடைய பிள்ளைகளும் மருமக்களும் இப்போது அந்த நாட்டில் கடை வைத்தும், லாரி ஓட்டியும், கம்பெனியில் இருந்தும் பிழைக்கிறார்கள். அவர்களிடமிருந்து இப்படி ஒரு கடிதம் வந்தால் நாம் விழிக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். நான் மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் படித்ததோடு சரி. ஆனால் அவன் அனுப்பிய தாள்களை ஒன்றுக்கு மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டு, விளங்காததைத் திரும்பத் திரும்ப விசாரித்துத் தெரிந்துகொண்டதையே சொல்கிறேன்.

மருமகன் நியூ ஜெர்ஸி மாநிலத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறான். நம் அரிசி, பருப்பு, மசாலா, குளிர்ப்பெட்டியில் மீன், ஹலால் இறைச்சி. மூன்று வேலையாட்கள். 2012-ம் வருஷம் அக்டோபர் கடைசியில் ஸாண்டி என்ற புயல் அந்த மாநிலத்தை அடித்தது பலருக்கு நினைவிருக்கும். மின்சாரம் நாள்கணக்கில் இல்லை. குளிர்ப்பெட்டிச் சரக்கு முழுவதும் நாசம். மறுபடி சரக்குப் பிடிக்கக் கையில் பணம் இல்லை. அப்போது அவன் ஒரு தவறு செய்தான். அந்த நாட்டில் வேலையாளுக்குச் சம்பளம் கொடுக்கும்போது அவனுடைய வருமான வரியையும் முதுமைக்காலச் சகாய நிதிக்குரிய பங்கையும் முதலாளியே பிடித்துக்கொண்டு சர்க்காருக்குச் செலுத்த வேண்டும். பிடித்த பணத்தைச் செலுத்தாமல் சரக்குக்குப் போட்டுவிட்டான். ‘இரண்டு மாதத்தில் கட்டிவிடலாம்’ என்று எண்ணம்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். சம்பளத்தில் பிடித்த அந்தப் பணத்தை அமெரிக்கச் சட்டம் முதலாளியின் பணமாகவே கருதுவதில்லை. சர்க்காருக்காக அவன் கையில் நம்பிக் கொடுத்து வைத்த பணம் என்றே சட்டத்தில் எழுதியிருக்கிறது. நம் பாஷையில் சொன்னால் அமானிதம். இதை அவனிடம் நான் சொன்னபோது நெடுநேரம் பேசாமல் இருந்தான். “மாமா, அந்த வார்த்தை அப்போதே தெரிந்திருந்தால் சரக்கு இல்லாமல் கடையைப் பூட்டியிருப்பேன்” என்றான்.

மூன்று காலாண்டு இப்படிப் போயிற்று. கணக்கு நமூனாக்களை மட்டும் தேதி தவறாமல் தாக்கல் செய்துவந்தான், பணம்தான் போகவில்லை. இந்த ஒரு ஒழுங்கு பின்னால் அவனைக் காப்பாற்றியது. அது எப்படி என்று பின்னே வருகிறது.

இனி அந்த ‘லீயன்’ என்பது என்ன என்று பார்ப்போம். நாம் அதைப் பாத்தியதை என்று வைத்துக்கொள்வோம். வரி இவ்வளவு என்று ஐ.ஆர்.எஸ். என்னும் வரி இலாகா முடிவுகட்டி, ‘கட்டுக’ என்று கடிதம் அனுப்பி, அவர் கட்டாமல் இருந்தால், அந்தக் கணமே சட்டப்படி அவருடைய சொத்து முழுவதன்மேலும் சர்க்காருக்குப் பாத்தியதை உண்டாகிவிடுகிறது. கோர்ட்டுக்குப் போகத் தேவையில்லை. வீடு, கடைச் சரக்கு, வண்டி, பிறரிடமிருந்து வரவேண்டிய பாக்கி, இனிமேல் சம்பாதிக்கப் போகும் சொத்து, எல்லாம் அதில் அடக்கம். ஆனால் இந்தப் பாத்தியதை சர்க்காருக்கும் அவருக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம். ஊருக்குத் தெரியாது.

ஊருக்குத் தெரிய வைப்பது அடுத்த படி. பாத்தியதை அறிவிப்பு என்று ஒரு தாளை வரி இலாகா அந்த வட்டாரப் பதிவு அலுவலகத்தில் தாக்கல் செய்துவிடும். ஏன் செய்கிறது? வீட்டை வாங்க வருகிறவர், அடமானம் பிடிக்கிறவர், கோர்ட்டில் தீர்ப்பு வாங்கிய வேறு கடன்காரர் ஆகியோருக்கு முன்னால் தன் முறை நிற்க வேண்டுமானால் சர்க்கார் அந்த அறிவிப்பைப் பதிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர்கள் முந்திக்கொள்வார்கள். 2011-ல் செய்த மாற்றத்துக்குப் பிறகு, சாதாரணமாக 10,000 டாலருக்குக் குறைந்த பாக்கிக்கு இந்த அறிவிப்பைப் பதிவதில்லை. அதற்கு முன் 5,000 டாலரே எல்லையாக இருந்தது. பதிந்த ஐந்து வேலை நாட்களுக்குள் வரி கட்டவேண்டியவருக்குக் கடிதம் வரும். முறையீடு செய்ய அவருக்கு 30 நாள் தவணை உண்டு. அந்தக் கடிதத்தைப் பிரிக்காமல் மேசை இழுப்பறையில் போடுகிறவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள், இங்கேயும் இருக்கிறார்கள்.

பாத்தியதை வேறு, ஜப்தி வேறு. பாத்தியதை என்பது ‘இதில் எனக்கு உரிமை உண்டு’ என்று கைவைத்து நிற்பது. ஜப்தி என்பது எடுத்துக்கொண்டு போவது. மருமகன் விஷயத்தில் ஜப்தி வரை போகவில்லை. 2013-ம் வருஷக் கடைசியில் 14,000 டாலருக்குச் சற்று மேற்பட்ட தொகைக்கு அவன் பேரில் அறிவிப்பு பதிவாயிற்று. 2014-ல் வண்டியை விற்று, பெண்டாட்டி நகையில் பாதியை விற்று, நானும் என்னால் இயன்ற வெள்ளியை அனுப்பி, வரியும் அபராதமும் தாமதக் கட்டணமும் சேர்த்து முழுவதையும் கட்டினான்.

முழுவதும் கட்டிய பின் 30 நாளுக்குள் பாத்தியதையை விடுவித்ததாக வரி இலாகா சான்றுத்தாள் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அந்தத் தாளுக்கு 668 இசட் என்று நம்பர். குறித்த நாளுக்குள் அவனுக்கு அது வந்தது. வராமல் போனால் கட்டியதற்கான ரசீதுகளைச் சேர்த்து எழுத்துமூலம் கேட்க வேண்டும். சும்மா இருந்துவிடக் கூடாது. வந்த தாளின் நகல் முன்னே அறிவிப்புப் பதிவான அதே அலுவலகத்திலும் ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மருமகன் ஒன்றையும் பார்க்கவில்லை. “அல்ஹம்துலில்லாஹ், முடிந்தது மாமா” என்று சொல்லி அந்தத் தாளைப் பெட்டியில் வைத்துப் பூட்டினான். நானும் அப்படியே நினைத்தேன். பைசல் என்றால் பைசல்தானே!

இரண்டு வருஷம் கழித்து, 2016-ல், அவன் கடைக்கு நாலு கதவு தள்ளி ஒரு பெரிய இடம் காலியாயிற்று. பக்கத்தில் வண்டி நிறுத்த இடம், பின்னால் கிடங்கு. எட்டு வருஷமாக அதன்மேல் அவனுக்குக் கண். வாடகை பேசி முடித்து, முன்பணமும் தயார். ஆனால் அந்த நாட்டில் கட்டடக்காரர் சாவியைக் கொடுக்குமுன் வாடகைக்கு வருகிறவருடைய நாணய அறிக்கையை வாங்கிப் பார்ப்பது வழக்கம். அதைக் கிரெடிட் ரிப்போர்ட் என்பார்கள். எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் என்று மூன்று நிறுவனங்கள் நாட்டு மக்களுடைய கொடுக்கல் வாங்கலை எல்லாம் சேர்த்து வைத்து, கேட்கிறவர்களுக்குக் கட்டணத்துக்குக் கொடுக்கின்றன. ‘எனக்கு வங்கிக் கடன் வேண்டாம், வட்டி வேண்டாம், ஆகவே இந்த அறிக்கையும் எனக்கு வேண்டாம்’ என்று நம்மவர்கள் சொல்லலாம். வேண்டாம் என்றாலும் அது இருக்கிறது. வீடு, கடை வாடகைக்குப் பிடிப்பதற்கே அது பார்க்கப்படுகிறது.

கட்டடக்காரர் கையை விரித்துவிட்டார். அறிக்கையைப் பார்த்து ஒருவரை வேண்டாம் என்று தள்ளினால், எந்த நிறுவனத்தின் அறிக்கையைப் பார்த்துத் தள்ளினோம் என்று தெரிவிக்க வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். தள்ளப்பட்டவர் 60 நாளுக்குள் கேட்டால் அந்த அறிக்கையின் பிரதி இலவசமாகவும் கிடைக்கும். மருமகன் வாங்கிப் பார்த்தான். அதில் இருந்தது: வரிப் பாத்தியதை, இன்ன தொகை, பதிவான தேதி, ‘விடுவிக்கப்பட்டது’.

‘விடுவிக்கப்பட்டது என்று அவர்களே எழுதியிருக்கிறார்களே, பிறகு என்ன?’ என்று நான் கேட்டேன். அதுதான் விஷயம். விடுவித்தல் என்றால் இன்று பாத்தியதை இல்லை என்று பொருள். நேற்று இருக்கவே இல்லை என்று பொருளல்ல. பாக்கி வைத்தவன் என்பதும் அதில் நிற்கிறது, தீர்த்தவன் என்பதும் நிற்கிறது. கட்டடக்காரர் முதல் பாதியைப் படித்தார். 1970-ம் வருஷத்து அமெரிக்க நாணய அறிக்கைச் சட்டப்படி, கட்டித் தீர்த்த வரிப் பாத்தியதையைக் கட்டிய தேதியிலிருந்து ஏழு வருஷம் வரை அறிக்கையில் காட்டலாம். கட்டாத பாத்தியதைக்கு அந்தச் சட்டத்தில் எல்லையே குறிக்கவில்லை. ஆகவே ஏழு வருஷம் எண்ணத் தொடங்குவதே கட்டிய நாளில்தான். அவன் கணக்குப்படி 2021 வரை.

இந்த இடத்தில் என் சொந்தக் காரியம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லாமல் விட்டால் அந்தக் கட்டடக்காரரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

பல வருஷங்களுக்கு முன் நம் தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ஒருவர் என்னிடம் அரிசியும் எண்ணெயும் கடனுக்கு எடுத்து ஒன்பது மாதம் இழுத்தடித்தார். பிறகு ஒரு நாள் முழுப் பணத்தையும் கொண்டுவந்து எண்ணி வைத்தார். நானும் கோடு இழுத்துப் பைசல் எழுதினேன். சில காலம் கழித்து வேறொரு மொத்தக் கடைக்காரர் என்னைக் கண்டு, “அவருக்குச் சரக்குக் கொடுக்கலாமா?” என்று விசாரித்தார். நான் சொன்னது ஒரே வாக்கியம்: “என்னிடம் ஒன்பது மாதம் பாக்கி வைத்தவர்.” அது பொய்யல்ல. தீர்த்துவிட்டார் என்பதை நான் சொல்லவில்லை, அவர் கேட்கவுமில்லை. சரக்குக் கிடைக்காமல் அந்த மனிதர் அந்த வருஷமே கடையை விட்டார். நான் சொன்னதால்தானா, வேறு காரணமும் உண்டா என்பது அல்லாஹ்வுக்கே வெளிச்சம். ஆனால் மருமகன் அந்த அறிக்கையைப் படித்துக் காட்டிய இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கடனை எழுதிவைக்கச் சொல்லும் பகரா சூராவின் நீண்ட ஆயத்தை மதரஸாவில் மனப்பாடம் செய்தவன் நான். எழுதுகிறவன் நீதமாக எழுத வேண்டும் என்பதும் அதில் உண்டு. எழுத்துக்கு உள்ளது வாய்ச்சொல்லுக்கும் உண்டல்லவா?

மருமகன் விஷயத்துக்கு வருவோம். விடுவித்தல் என்பதற்கு மேல் ‘விலக்கிக்கொள்ளுதல்’ என்று ஒன்று இருக்கிறது. பதிந்த அறிவிப்பையே சர்க்கார் திரும்ப வாங்கிக்கொள்வது. அப்படி வாங்கிக்கொண்டால் அந்த அறிவிப்புப் பதியப்படாதது போலவே பாவிக்க வேண்டும் என்று சட்டம். முன்னாளில் இதை அரிதாகவே கொடுத்தார்கள். 2011 பிப்ரவரியில் வரி இலாகா ‘புதுத் தொடக்கம்’ என்ற பெயரில் சில சலுகைகளை அறிவித்தது. முழுவதும் கட்டி, பாத்தியதை விடுவிக்கப்பட்ட பின்னும் விலக்கும்படி கேட்கலாம் என்பது அதில் ஒன்று. 25,000 டாலருக்கு மேற்படாத பாக்கியை வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் தானாகப் பிடிக்கும் தவணையில் கட்டிவருகிறவர்கள், முழுவதும் தீருமுன்பே கேட்கவும் வழி உண்டு.

கட்டி முடித்தவர் கேட்பதற்கு நிபந்தனை என்னவெனில், கடந்த மூன்று வருஷ நமூனாக்களை எல்லாம் தாக்கல் செய்திருக்க வேண்டும். சொந்த வரி, வியாபார வரி இரண்டிலும். இப்போது கட்டவேண்டிய முன்வரிகளும் சம்பளப் பிடித்தங்களும் பாக்கியில்லாமல் இருக்க வேண்டும். நான் முன்னே சொன்ன ஒழுங்கு இதுதான். கையில் காசில்லாத காலத்திலும் நமூனாவை மட்டும் அவன் விடாமல் தாக்கல் செய்திருந்தான். ‘பணம் இல்லை, பிறகு நமூனா எதற்கு?’ என்று விட்டிருந்தால் இந்த வாசல் அவனுக்குத் திறந்திருக்காது. பணம் இல்லாதவரும் கணக்கைக் கொடுத்துவிட வேண்டும். நம் நாட்டு வியாபாரிகளில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

கேட்பதற்கான படிவத்தின் நம்பர் 12277. ஒரே ஒரு தாள்தான், கட்டணம் கிடையாது. பெயர், விலாசம், வரி நம்பர் எழுதி, பாத்தியதையின் தற்போதைய நிலை ‘விடுவிக்கப்பட்டது’ என்று குறித்து, காரணங்களில் கடைசியாக உள்ள ‘வரி கட்டுகிறவருக்கும் சர்க்காருக்கும் நன்மை’ என்பதைக் குறித்து, ஏன் கேட்கிறோம் என்று விளக்கம் எழுத வேண்டும். பழைய அறிவிப்பின் நகல், விடுவித்த சான்றின் நகல் இருந்தால் சேர்க்க வேண்டும். மருமகன் முதலில் இரண்டு பக்கம் தன் கஷ்டத்தை எழுதினான். புயல், பிள்ளைகள், உம்மாவின் நோய் எல்லாம். நான் அதைக் குறைக்கச் சொன்னேன். “கட்டிய தேதியை எழுது, மூன்று வருஷ நமூனாவை எழுது, கடை இடம் கிடைக்காமல் போனதை எழுது. படிக்கிறவருக்கு நேரமில்லை.” அரைப் பக்கத்தில் முடித்தான்.

இன்னொன்றும் முக்கியம். விலக்கியதை நாணய அறிக்கை நிறுவனங்களுக்கும் கடன் கொடுத்தவர்களுக்கும் வரி இலாகாவே தெரிவிக்க வேண்டும் என்று நாம் எழுத்தில் கேட்டு, அவர்களுடைய பெயர் விலாசங்களைக் கொடுத்தால், அது தெரிவிக்கும். சட்டத்திலேயே இருக்கிறது. கேட்காவிட்டால் தெரிவிக்காது. கேட்டதோடு நில்லாமல் நாமும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் நகலை அனுப்புவது நல்லது. அறிக்கையில் தவறு என்று எழுதினால் பொதுவாக 30 நாளுக்குள் அவர்கள் விசாரித்துப் பதில் சொல்ல வேண்டும். அதற்கும் கட்டணம் இல்லை.

விலக்கிய தாள் 2017-ம் வருஷத் தொடக்கத்தில் வந்தது. நகல்கள் போயின. அறிக்கையிலிருந்து அந்த வரி நீங்கிற்று. அதற்குள் அந்தப் பெரிய இடத்தில் கைத்தொலைபேசிக் கடை ஒன்று வந்துவிட்டது. அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. மருமகன் தினமும் அதைத் தாண்டித்தான் தன் கடைக்குப் போகிறான்.

இதற்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பழைய சமாசாரத்தைச் சொன்னவனாவேன். 2015 மார்ச்சில் அந்த மூன்று நிறுவனங்களும் நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞரோடு ஓர் உடன்பாடு செய்துகொண்டன. பிறகு வேறு பல மாநிலங்களோடும். அதன்படி 2017 ஜூலை முதல், பொதுப் பதிவுகளிலிருந்து எடுத்து ஒருவர் அறிக்கையில் ஏற்றும் எதிலும் பெயர், விலாசத்தோடு சமூகப் பாதுகாப்பு நம்பரோ பிறந்த தேதியோ இருந்தே ஆக வேண்டும் என்று ஏற்பட்டது. 90 நாளுக்கு ஒரு முறையாவது பதிவைப் போய்ப் பார்த்துப் புதுப்பிக்கவும் வேண்டும். பல வரிப் பாத்தியதைத் தாள்களில் அந்த விவரங்கள் இல்லை. ஆகவே ஏறக்குறையப் பாதி அப்போதே நீங்கின. மிச்சத்தையும் 2018 ஏப்ரலில் எடுத்துவிட்டார்கள். இன்று அந்த மூன்று நிறுவனங்களின் தனிநபர் அறிக்கையில் வரிப் பாத்தியதை, கட்டியதோ கட்டாததோ, வருவதில்லை.

இந்த மாற்றம் வந்த காரணம் நம்மவர்களுக்கு நன்றாக விளங்கும். வெறும் பெயரையும் விலாசத்தையும் வைத்துப் பொருத்தினால் ஒருவர் பாக்கி இன்னொருவர் தலையில் ஏறும். நமக்கோ குடும்பப் பெயர் கிடையாது. வாப்பா பெயரே கடைசிப் பெயர். முஹம்மது என்று தொடங்கி அப்துல்லாஹ் என்று முடியும் பெயர் ஒரு ஊரில் எத்தனை! அதிலும் ஒரு தாளில் ஒரு எழுத்துக்கூட்டு, இன்னொரு தாளில் வேறு எழுத்துக்கூட்டு. பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எல்லாத் தாளிலும் பெயரை எழுதுங்கள் என்று அங்கே போகிற பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்புங்கள்.

‘அப்படியானால் இனிக் கவலை இல்லையே?’ என்றால், அதுவும் இல்லை. நீங்கியது தனிநபர் அறிக்கையிலிருந்து மட்டுமே. பதிவு அலுவலகத்தில் அறிவிப்பு இருக்கிறது. யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். வீடு வாங்கும்போதும் விற்கும்போதும் வில்லங்கம் பார்க்கிறவர்கள் அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். வியாபாரங்களுக்கென்று தனியாக நாணய அறிக்கை போடும் நிறுவனங்களும் உண்டு. அவை பாத்தியதைகளை இன்றும் காட்டுகின்றன. சென்ற வருஷம் மருமகன் ஓர் அரிசி மொத்த வியாபாரியிடம் 30 நாள் தவணை கேட்டான். அவர் எடுத்துப் பார்த்த வியாபார அறிக்கையில் 2013-ம் வருஷப் பாத்தியதை நின்றது. விடுவித்ததும் இல்லை, விலக்கியதும் இல்லை, வெறும் பாக்கியாக! இந்தத் தடவை அவன் கலங்கவில்லை. விலக்கிய தாளின் நகலை அன்றைக்கே அனுப்பினான். மூன்று வாரத்தில் சரியாயிற்று, தவணையும் கிடைத்தது.

ஆகவே தனிநபர் அறிக்கையில் வராது என்பதற்காகப் படிவம் 12277 வேண்டாத காரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். கடை வைத்திருக்கிறவருக்கு அது இன்றும் வேண்டும். மாநிலச் சர்க்கார் வரி பாக்கிக்குப் பாத்தியதை பதிவானால் அதற்கு வழிமுறை வேறு. அந்தந்த மாநில வரி இலாகாவைத்தான் கேட்க வேண்டும்.

இதில் பிழைக்கும் ஒரு கூட்டமும் இருக்கிறது. ‘உங்கள் அறிக்கையைச் சுத்தமாக்கித் தருகிறோம், முதலில் இத்தனை டாலர் கட்டுங்கள்’ என்று தொலைபேசியில் கூப்பிடுவார்கள். மருமகனையும் ஒருவர் கூப்பிட்டு 1,200 டாலர் கேட்டார். 1996-ம் வருஷச் சட்டப்படி இப்படிப்பட்டவர்கள் வேலையை முடிக்குமுன் பணம் வாங்கவே கூடாது. அவர்கள் செய்வதாகச் சொல்லும் வேலையோ, தபால்தலைச் செலவில் நாமே செய்துகொள்ளக் கூடியது. சொந்த அறிக்கையைப் பார்ப்பதற்கும் காசு வேண்டியதில்லை. மூன்று நிறுவனங்களும் வாரத்துக்கு ஒரு முறை இலவசமாகக் கொடுக்கின்றன.

நம் மலேசியாவில் வரி பாக்கிக்கு இப்படிப் பாத்தியதை பதியும் வழக்கம் இல்லை. ஆனால் 1967-ம் வருஷ வருமான வரிச் சட்டத்தின் 104-ம் பிரிவுப்படி, பாக்கி வைத்தவர் நாட்டைவிட்டு வெளியே போகாமல் தடுக்கலாம். கட்டிய பின்னும், தடை நீங்கியது என்பதை உறுதி செய்துகொள்ளாமல் உம்ராவுக்கு டிக்கெட் எடுக்கக் கூடாது. நாணய அறிக்கை இங்கேயும் உண்டு. பேங்க் நெகாராவின் சி.சி.ரிஸ் என்ற பதிவில் வங்கிக் கடனைக் கட்டிவந்த விதம் கடந்த 12 மாதத்துக்குக் காணப்படும். சி.டி.ஓ.எஸ். போன்ற தனியார் நிறுவனங்கள் கோர்ட்டு வழக்குகளையும், மொத்த வியாபாரிகள் கொடுக்கும் பாக்கி விவரத்தையும் சேர்த்து வைக்கின்றன. கடன் அறிக்கை நிறுவனங்கள் சட்டம் 2010-ன்படி நம் அறிக்கையைக் கேட்டு வாங்கவும், தவறிருந்தால் திருத்தக் கேட்கவும் நமக்கு உரிமை உண்டு. பாக்கியைத் தீர்க்கும்போது ரசீது போதாது. ‘முழுவதும் தீர்ந்தது’ என்று கொடுத்தவரிடம் கடிதம் வாங்கி, அதை அந்த நிறுவனத்துக்கும் அனுப்ப வேண்டும்.

நம்மில் மொத்தக் கடைக்காரர்கள் வாங்குகிறவர் பெயரை அங்கே பாக்கிக்காரராகப் பதிவு செய்திருப்பார்கள். அவர் தீர்த்த அன்றைக்கே ஆளை அனுப்பி அதை எடுத்துவிடுங்கள். ‘அடுத்த மாதம் கணக்குப்பிள்ளை பார்த்துக்கொள்வார்’ என்று விட்டால், அந்த ஒரு மாதத்துக்குள் அவர் வேறெங்கோ சரக்குக் கேட்டு நிற்பார்.

நான் சொன்ன அந்தச் சாப்பாட்டுக் கடைக்காரர் இப்போது ஈப்போவில் மகன் வீட்டில் இருக்கிறார். சென்ற நோன்புக்கு முன் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். விஷயத்தைச் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை, தேநீர் கொடுத்து அனுப்பினார்.

படிவம் 12277-ன் நகல் ஒன்றும், மருமகன் எழுதிய அரைப் பக்க விளக்கத்தின் நகலும் என் கடையில் இருக்கின்றன. தேவையானவர்கள் அஸருக்குப் பின் வந்தால் எடுத்துத் தருவேன். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம். அன்று சரக்கு இறங்கும் நாள்.